பக்கத்தில் நிற்பவர்: ஈத்தூண்டிலும் நான்கு படைப்புகளும்

ட்றவுட் மீனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றை அடுக்கினால் ஒரு அலுமாரி போதாது. கிரிக்கெட்டுக்கும் சதுரங்கத்துக்கும் கிடைக்காத நல்ல உரைநடை இந்த ஒரு மீனுக்குக் கிடைத்திருக்கிறது. அந்த நூல்களில் பெரும்பாலானவை இரண்டு விடயங்களை வாக்களிக்கின்றன. ஒன்று ஆனந்தம், மற்றது தோழமை. ஆனந்தத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. தோழமையைப் பற்றித்தான் சில கேள்விகள் உண்டு. அவற்றை நான் நூலகத்தில் இருந்து யோசிக்கவில்லை. ஓடைக்குள் முழங்காலளவு தண்ணீரில் நின்று, எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவரிடமிருந்து பெற்றுக்கொண்டேன். ஆகவே இந்தக் கட்டுரையில் பாதி அவருடையது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பீலெஃபெல்ட் நகருக்குத் தெற்கே, தொய்ட்டோபுர்கர் மலைக்காட்டின் அடிவாரத்தில் சென்ன என்ற மணல்நிலம் இருக்கிறது. மலையடியில் ஊற்றெடுக்கும் சிறிய ஓடைகள் அந்த மணலின் மேல் ஓடுகின்றன. எம்ஸ் ஆறு பிறப்பதும் அங்கேதான். தண்ணீர் கோடையிலும் குளிர்ந்திருக்கும். அடியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் தெரியும். குளிரும் தெளிவும் உள்ள தண்ணீரில்தான் ட்றவுட் உயிர் வாழும். ஜேர்மன்காரர் அதை ஃபொறெல்ல என்பார்கள். அதே நிலத்தில் 1945இலிருந்து பிரித்தானிய இராணுவம் பாவித்துவரும் பயிற்சிக்களமும் உண்டு. சில நாட்களில் நாங்கள் தூண்டிலோடு நிற்கும்போது தூரத்தில் வெடிச்சத்தம் கேட்கும். முதல் தடவை கேட்டபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

நண்பர் பாசையூர்க்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பன்னிரண்டு வயதில் தகப்பனோடு கடலுக்குப் போனவர். கைத்தூண்டில், சிறகுவலை, களங்கட்டி எல்லாம் தெரிந்தவர். இங்கே ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றார். ஜேர்மனியில் மீன் பிடிக்கப் பரீட்சை எழுத வேண்டும். எங்கள் மாநிலத்தில் அறுபது கேள்விகள் வரும், மீன் படங்களைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும், கேட்கும் மீனுக்கு ஏற்ற தூண்டிலைப் பரீட்சகர் முன் பொருத்திக் காட்டவும் வேண்டும். "தம்பி, கடலில பிறந்தவனுக்கு ஓடையில பாஸ் எடுக்கச் சொல்லுறாங்கள்" என்று சொல்லிக்கொண்டே என்னைவிட அதிகப் புள்ளி எடுத்தார்.

ஈத்தூண்டில் என்பது வேறு வகை. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் கொக்கியில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய் ஈ ஒன்றுதான் இருக்கிறது. அதற்குப் பாரமே இல்லை. பாரம் நூலில் இருக்கிறது. தடியை முன்னும் பின்னும் அசைத்து நூலைக் காற்றில் நீளவிட்டு, ஈயைத் தண்ணீரின் மேல் உண்மையான பூச்சி விழுவதுபோல இறக்க வேண்டும். பலம் உதவாது. நண்பரின் தோள் வள்ளம் தள்ளிய தோள். அதனால் முதல் மாதம் முழுக்க அவரது நூல் மரக்கிளையில்தான் இருந்தது. ஒரு வருடத்தில் பழகிக்கொண்டார். நூல் அவருடைய தலைக்கு மேலே விரிந்து நேராகி, ஈ ஓசையில்லாமல் இறங்கும்போது பார்க்கும் எனக்கே சந்தோஷமாக இருக்கும். மீன் வராவிட்டாலும் அந்தச் சந்தோஷம் குறைவதில்லை. புத்தகங்கள் வாக்களிக்கும் ஆனந்தம் மெய் என்று நான் சொல்வது இதனால்தான்.

போகும் வழியில் நான் வாசித்தவற்றை அவருக்குக் கதையாகச் சொல்வேன். அவர் அதிகம் வாசிப்பவர் இல்லை. ஆனால் அவர் கேட்கும் கேள்விகள் பல விமர்சகர்கள் கேட்காதவை.

முதலாவது ஐசாக் வோல்டன் 1653இல் வெளியிட்ட 'தி கொம்ப்ளீற் ஆங்லர்'. ஆங்கிலத்தில் மிக அதிக தடவை மறுபதிப்புக் கண்ட நூல்களில் ஒன்று. நூல் முழுக்க உரையாடல். மீன்பிடிகாரர் ஒருவர் வழியில் சந்தித்தவருக்குத் தன் கலையைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு ஆற்றோரம் நடக்கிறார். இது போர் முடிந்த கையோடு எழுதப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1649இல் மன்னர் முதலாம் சார்ள்ஸின் தலை வெட்டப்பட்டது. வோல்டன் தோற்ற மன்னர் தரப்பைச் சேர்ந்தவர். அவருடைய திருச்சபை நண்பர்கள் பதவி இழந்து சிதறிப்போனார்கள். அந்த நாட்களில் ஒரு மனிதர் ஆறு, தேன்பூ, சாராயக்கடைப் பாட்டு, பொரித்த மீன் என்று எழுதுகிறார். தோற்றவர்கள் ஒன்றுகூடுவதற்கு ஓர் இடத்தை அவர் புத்தகத்துக்குள் கட்டினார் என்றுதான் நான் வாசிக்கிறேன். எங்களுக்கு அது விளங்கும்.

ஆனால் அந்த நூலின் தோழமை சமமானதல்ல. ஒருவர் போதிக்கிறார், மற்றவர் வியக்கிறார். நண்பர் இரண்டு அத்தியாயத்தின் சுருக்கத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உவர் கதைச்சுக் கதைச்சே மீனைக் கலைச்சுப்போடுவார்." சமமான தோழமை நூலுக்கு வெளியேதான் நடந்தது. வோல்டனுக்கு ஈத்தூண்டிலில் பெரிய தேர்ச்சி இல்லை. 1676இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு, ட்றவுட்டை ஈயால் பிடிப்பது பற்றிய இரண்டாம் பகுதியை எழுதிக் கொடுத்தவர் சார்ள்ஸ் கொற்றன். அவர் வோல்டனைவிட முப்பத்தேழு வயது இளையவர். டவ் ஆற்றங்கரையில் 1674இல் அவர் கட்டிய சிறிய மீன்பிடி வீட்டின் வாசலில் இருவருடைய பெயர்களின் முதலெழுத்துகளும் ஒன்றோடொன்று பின்னிச் செதுக்கப்பட்டிருக்கின்றன. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவனிடம் விட்டுக்கொடுத்த எண்பதை எட்டிய கிழவரை எனக்குப் பிடிக்கிறது. அந்த நூலில் நான் மிகவும் மதிப்பதும் அந்த விட்டுக்கொடுப்பைத்தான்.

இரண்டாவது ஜேர்மன்காரர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, ஷூபேர்ட் 1817இல் இசையமைத்த 'டீ ஃபொறெல்ல'. கவிதை கிறிஸ்ரியான் ஷூபார்ட் என்பவருடையது. வூர்ற்றம்பேர்க் பிரபு அவரை விசாரணையே இல்லாமல் 1777 முதல் 1787 வரை ஹோஹென்அஸ்பேர்க் கோட்டையில் அடைத்து வைத்திருந்தார். சிறையிருந்த அந்தக் காலத்தில் வந்த கவிதை இது. தெளிந்த ஓடையில் மீன் துள்ளுகிறது. கரையில் ஒருவர் நின்று பார்க்கிறார். தூண்டில்காரனால் தெளிந்த தண்ணீரில் அதைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீரைக் கலக்கிவிட்டுப் பிடிக்கிறான். பார்த்து நின்றவருக்கு இரத்தம் கொதிக்கிறது. மூலக் கவிதையில் இளம் பெண்களுக்குப் புத்திமதி சொல்லும் கடைசிப் பகுதி ஒன்று உண்டு. ஷூபேர்ட் அதை விட்டுவிட்டார். நல்ல வேலை செய்தார். புத்திமதி போனதும் மீனும் கோபமும் மட்டும் மிஞ்சின.

குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது என்று நாங்களும் சொல்வோம். அதைச் சொல்லி நண்பருக்குக் காரில் பாட்டைப் போட்டுக் காட்டினேன். "கரையில நிண்டவர் என்ன செய்தவர்?" என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, கோபப்பட்டார் என்றேன். "அப்ப எங்கட ஆக்கள் மாதிரித்தான்" என்றார். சிறையிலிருந்த கவிஞனால் வேறென்ன செய்ய முடியும் என்று நான் வாதாடினேன். அவர் ஒப்புக்கொண்டார். "அவர் உள்ளுக்க. நாங்கள் வெளியாலதானே நிண்டனாங்கள்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது ஹெமிங்வேயின் 'பிக் ரூ-ஹார்ட்டட் ரிவர்'. 1925இல் வந்த சிறுகதை. போரிலிருந்து திரும்பிய நிக் என்ற இளைஞன் எரிந்துபோன ஊரொன்றைக் கடந்து, ஆற்றோரம் தனியே கூடாரம் அடித்து ட்றவுட் பிடிக்கிறான். கதையில் போர் என்ற சொல்லே இல்லை. எங்கள் புலம்பெயர் எழுத்தாளர்களில் பலருக்குப் பிடித்த கதை இது. மௌனத்தைப் புகழ்வதற்கு எல்லோரும் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். நான் சொல்ல விரும்புவது வேறு. தனிமையின் கதை என்று பேர்பெற்ற இதன் நடுவில் ஒரு நண்பன் இருக்கிறான். நிக் கோப்பி காய்ச்சும்போது ஹொப்கின்ஸ் என்பவனை நினைக்கிறான். கோப்பியை எப்படிக் காய்ச்சுவது என்று இருவரும் ஒருகாலம் சண்டை பிடித்திருக்கிறார்கள். இப்போது ஹொப்கின்ஸ் சொன்ன முறையிலேயே நிக் காய்ச்சுகிறான். கோப்பி கைக்கிறது; அவன் சிரிக்கிறான். அடுத்த கோடையில் சேர்ந்து மீன் பிடிக்கப் போவதாகச் சொன்ன ஹொப்கின்ஸை அவன் மறுபடி காணவே இல்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பெரிய இடம் அந்தக் கேத்தில்தான். சதுப்புநிலத்தைப் பற்றி எழுதும் விமர்சகர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நண்பரின் கவனம் வேறிடத்தில் இருந்தது. "அவன் என்னத்தைக் கோர்த்துப் பிடிச்சவன்?" வெட்டுக்கிளி என்றேன். "அப்ப அது ஈத்தூண்டில் இல்லையே. இரைதானே." உண்மைதான். ட்றவுட் பற்றிய மிகப் புகழ்பெற்ற கதையின் நாயகன் உயிருள்ள வெட்டுக்கிளியைத்தான் கொக்கியில் கோர்க்கிறான். இது சின்ன விடயம் போலத் தெரியும். ஆனால் ஈத்தூண்டில் உலகத்தில் சின்ன விடயம் இல்லை. அங்கே ஒரு படிநிலை இருக்கிறது. மிதக்கும் ஈயைப் பாவிப்பவர் மேலே. தண்ணீருக்குள் அமிழும் ஈயைப் பாவிப்பவர் அதற்குக் கீழே. புழுவோ வெட்டுக்கிளியோ கோர்ப்பவர் எல்லோருக்கும் கீழே. இங்கிலாந்தின் சுண்ணாம்பு ஓடைகளில் இதற்காக ஒரு தலைமுறையே சண்டை பிடித்தது. 1880களில் ஹல்ஃபோர்ட் மிதக்கும் ஈக்கு நூல்கள் எழுதினார். 1910இல் ஸ்கியூஸ் அமிழும் ஈக்காக எழுதினார். 1938இல் இலண்டனில் இதன் ஒழுக்கம் பற்றிக் கூட்டம் வைத்தே விவாதித்தார்கள். நண்பருக்கு இதைச் சொன்னபோது வயிறு குலுங்கச் சிரித்தார். "வெள்ளைக்காரனும் வேளாளன்தான்" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

நான்காவது நோர்மன் மக்லீனின் 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இற்'. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், எழுபத்துமூன்று வயதில், 1976இல் தன் முதல் புனைகதை நூலாக வெளியிட்டது. மொன்ரானாவில் ஒரு மதகுரு தன் இரண்டு மகன்களுக்குத் தாளக்கருவியை வைத்து நூல் வீசக் கற்றுக் கொடுக்கிறார். இளையவன் போல் பெரிய கலைஞனாகிறான். குடியும் சூதும் அவனைத் தின்கின்றன. அண்ணனால் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. ஒருநாள் அடித்துக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். கை எலும்புகள் உடைந்திருக்கின்றன. எந்தக் கை என்று தகப்பன் கேட்கிறார். வலது கை, வீசும் கை. மக்லீனின் சொந்தத் தம்பி 1938இல் அப்படித்தான் இறந்தார். எழுதுவதற்கு ஏறக்குறைய நாற்பது வருடம் தேவைப்பட்டிருக்கிறது.

நான்கிலும் இதுவே பெரிய படைப்பு. மூவர் ஒன்றாக மீன் பிடிக்கும் கடைசி நாளைப் போல ஆனந்தத்தையும் இழப்பையும் ஒரே பக்கத்தில் வைத்த உரைநடை அபூர்வம். ஆனாலும் அதிலும் அந்தப் படிநிலை உண்டு. மைத்துனன் நீல் கோப்பித் தகரத்தில் புழு கொண்டு வருகிறான். கதை அவனை மன்னிப்பதே இல்லை. அவனுடைய குடியும் போலின் குடியும் ஒரே குடிதான். ஒருவனுடையது துன்பியலாகவும் மற்றவனுடையது கேலியாகவும் ஆவதற்கு ஒரு காரணம், ஒருவன் ஈ கட்டுகிறான், மற்றவன் புழு கோர்க்கிறான் என்பது. போலோடு வரும் செயென் பழங்குடிப் பெண்ணுக்கும் கதை ஒரு முழு மனுசியின் இடத்தைக் கொடுக்கவில்லை. ஆற்றுக்குள் நிற்க உரிமையுள்ளவர்கள் யார் என்பதை மக்லீன் தகப்பனிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டார். கதையின் துயரத்தில் அதற்கும் பங்குண்டு என்பதை அவர் கண்டாரா என்று எனக்கு நிச்சயமில்லை.

இந்தக் கதையைச் சொன்ன அன்று நண்பர் திரும்பி வரும்வரை பேசவில்லை. அவருடைய தம்பி கடற்றடை இருந்த காலத்தில் ஓர் இரவு கடலுக்குப் போனவர், வரவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்: "உதவ ஏலாமப் போறது ஒண்டு. என்ன வேணுமெண்டு கேக்காம விடுறது வேற ஒண்டு. நான் கேக்கேல்லை தம்பி."

தமிழில் மீனுக்குப் பஞ்சமில்லை. நெய்தல் திணையிலிருந்து வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு', எங்கள் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' வரை கடலும் கடற்றொழிலும் இருக்கின்றன. அவற்றில் மீன்பிடி உழைப்பு. தோழமை என்பது ஒரே வள்ளத்தில் உயிரைப் பகிர்வது. விளையாட்டாக மீன் பிடிப்பது எங்களுக்கு அந்நியம்தான். இலங்கைக்கு ட்றவுட் வந்ததே 1880களில், நுவரெலியாவின் குளிரோடைகளில் பிரித்தானியர் விட்டதால். அது தோட்டத் துரைமாரின் மீன். ஆகவே, சாப்பாட்டுக்காக இல்லாமல் ஏன் ஒரு மீனை நோகப் பண்ணுவது என்று எங்கள் சனம் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஜேர்மன் சட்டமும் ஏறக்குறைய அதையே கேட்கிறது; தக்க காரணமில்லாமல் ஒரு பிராணியை வதைக்க முடியாது, பிடித்துப் பிடித்து விடுவதையே நோக்கமாக வைத்து மீன் பிடிப்பதை ஏற்பதில்லை. நண்பருக்கு இந்தச் சட்டம் பிடிக்கும். அளவான மீன் ஒன்றோ இரண்டோ எடுப்போம். அவர் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரிப்பார்.

இனிப் பாதியில் நின்ற சிரிப்புக்கு வருகிறேன். எங்கள் வீடு ஊரின் உள்பக்கம். காலையில் மீன் கொண்டு வருபவரை என் அப்பா படலைக்கு வெளியே நிறுத்தி, தன்னைவிட வயதில் மூத்தவரையும் 'நீ' என்றுதான் கூப்பிட்டார். அந்த மனிதர்கள் எங்கள் வீட்டுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. நான் அதை வழக்கம் என்று நினைத்து வளர்ந்தேன். இங்கே வந்து இயக்கம், அரசியல், இலக்கியம் எல்லாம் கதைத்து, அந்த வழக்கத்தைக் கடந்துவிட்டேன் என்றும் நம்பினேன். பாசையூர்க்காரரை 'அண்ணை' என்று கூப்பிட்டேன். அதுவே பெரிய புரட்சி என்று எனக்குள் ஒரு நினைப்பு.

முதல் வருடம் ஓடைக்குப் போகும்போதெல்லாம் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் இரண்டு கோப்பைகளும் கொண்டு போவேன். எனக்கு நீலம், அவருக்கு வெள்ளை. ஒருநாளும் மாறியதில்லை. மற்ற நண்பர்களோடு போகும்போது பிளாஸ்க் மூடியிலேயே மாறி மாறிக் குடிப்பவன் நான். இது என் கண்ணில் படவில்லை. இரண்டாம் வருடம் ஏப்ரலில் ஒருநாள் நீலக் கோப்பையை வீட்டில் மறந்துவிட்டேன். நான் தேத்தண்ணியை வெள்ளைக் கோப்பையில் ஊற்றி அவரிடம் கொடுத்தேன். அவர் பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்க ஒரு கணம் பிந்திவிட்டது. ஒரு கணம்தான். அவர் பார்த்தார். "ஆறுது தம்பி, குடியுங்கோ" என்றார். குடித்தேன். அதன்பிறகு ஒரு கோப்பைதான் கொண்டு போகிறோம். இருவரும் அதைப் பற்றி இன்றுவரை கதைத்ததில்லை. இந்தக் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டியபோதுதான் அது முதல் தடவையாக எங்களுக்கிடையில் சொல்லாக வந்தது. "நீலக் கோப்பை எங்க இப்ப?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே இந்த நான்கு படைப்புகளையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன். பக்கத்தில் நிற்க யாரை விடுகிறார்கள்? வோல்டன் மாணவனை விடுகிறார்; முதுமையில் தன்னைவிடத் தேர்ந்தவனையும் விட்டார். ஷூபார்ட் கரையிலேயே நிற்கிறார். ஹெமிங்வேயின் நிக் இல்லாத ஒருவனுக்குக் கோப்பி காய்ச்சுகிறான். மக்லீன் தம்பியோடு தண்ணீரில் நிற்கிறார், புழுத் தகரத்தோடு வந்தவனைத் துரத்திவிடுகிறார். எங்கள் புலம்பெயர் எழுத்தை இதே கேள்வியால் அளந்தால், நான் வாசித்த அளவில், நாங்கள் பெரும்பாலும் கரையில் நின்று கோபப்பட்டிருக்கிறோம். போரைப் பற்றி நிறைய எழுதினோம். அகதி முகாமின் ஒரே அறையில், ஒரே சட்டியில் ஒன்றாகச் சாப்பிட்டவர்களுக்கிடையில் பிந்திப்போன அந்தக் கணங்களைப் பற்றிக் குறைவாகவே எழுதினோம். ஆனந்தத்தைப் பற்றி அதைவிடக் குறைவு. இறந்தவர்களுக்குத் துரோகம் செய்வதுபோல அதற்குக் கூச்சப்படுகிறோம். வோல்டனும் மக்லீனும் இழப்புக்குப் பிறகுதான் எழுதினார்கள். அவர்களுடைய ஆனந்தம் மறதி இல்லை.

ஜேர்மன் மீன்பிடிகாரர்கள் ஆற்றோரம் சந்தித்தால் 'பேற்றி ஹைல்' என்று வாழ்த்துவார்கள். புனித பேதுருவின் பெயரால். பாசையூரில் அவர் இராயப்பர். நண்பர் அதைக் கேட்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றி, "எங்கட இராயப்பரும் வலைக்காரன்தான்" என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அவர்களுக்கு 'பேற்றி டாங்க்' என்பார். இந்தப் பருவத்தின் கடைசிச் சனிக்கிழமையில் எங்களுக்கு மீன் எதுவும் அகப்படவில்லை. ட்றவுட் முட்டையிடும் காலத்துக்காக ஓடை மார்ச் வரை மூடப்பட்டிருக்கிறது. குளிர்காலத்தில் அவர் வீட்டுக் குசினி மேசையில் இருந்து இருவரும் ஈ கட்டுவோம். இந்த வருடம் வோல்டனை முழுதாக வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு தூரம் பொறுப்பார் என்று பார்க்க வேண்டும்.